தடித்த புத்தகம், டியூட், வீடியோ, ஆட்டு இதயம்: மனித உடலைப் படிக்க எது கைகொடுக்கும்?

உயர்தர வகுப்பில் (ஏ/எல்) உயிரியலைத் தமிழில் படித்து முடித்த பிள்ளை, முதல் வருட அனாட்டமி வகுப்பில் போய் உட்கார்ந்ததும் திகைத்துப் போவது வழக்கம். இதயம் தெரிந்த இதயம்தான். ஆனால் மேலறையான சோணையறை அங்கே அட்ரியம், கீழறையான இதயவறை வென்ட்ரிக்கிள், நாடி ஆர்ட்டரி, நாளம் வெயின். இரண்டு வருடம் உருப்போட்ட அத்தனையும் ஒரே காலையில் வேறு யாருடைய சொத்தாகவோ ஆகிவிட்டதுபோல இருக்கும்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் பார்க்கிறேன். சிலர் தாதியர் பயிற்சியில் இருக்கிறார்கள், சிலர் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எதை வச்சுப் படிக்கிறது?" கையில் நேரம் குறைவு, காசு அதைவிடக் குறைவு. தவறான ஒன்றில் ஆறு மாதம் போய்விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அதனால் நான் படித்தபோதும் இப்போது சொல்லிக்கொடுக்கும்போதும் பார்த்ததை வைத்து ஒவ்வொன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

என் அளவுகோல் இது. ஒரு பகுதியைப் படித்ததும் கொப்பியை மூடிவிட்டு, வீட்டில் அம்மாவிடம் "இந்த உறுப்பு ஏன் இப்படி இருக்கிறது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால், எதை வைத்துப் படித்தீர்களோ அது உதவியிருக்கிறது. பெயர்கள் மட்டும் வந்து காரணம் வரவில்லையென்றால் உதவவில்லை. அனாட்டமி உடலின் அமைப்பு, பிசியோலஜி அதன் வேலை. இரண்டையும் பிரித்துப் படிக்கிறவர்கள்தான் இந்தப் பாடத்தை "வெறும் மனப்பாடம்" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

தடித்த புத்தகமும் டியூட்டும்

ஆங்கிலப் பாடநூல்கள் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். விலை கொடுத்து வாங்குவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸின் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் நூல் முழுவதும் இலவசம். 28 அத்தியாயங்கள், இரண்டாம் பதிப்பு 2022இல் வந்தது. ஒருமுறை போனில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் எட்டாத லயத்து அறையிலும் திறக்கும்.

புத்தகத்தின் பலம், அது காரணத்தைச் சொல்வது. சிறுநீரகத்தையே எடுத்துக்கொள்வோம். டியூட்டில், அதாவது வகுப்பில் தரும் போட்டோகொப்பிக் குறிப்பில், "வடிகட்டல், மீளுறிஞ்சல், சுரத்தல்" என்று மூன்று சொல் இருக்கும், பக்கத்தில் ஒரு படம். புத்தகம் கணக்கோடு சொல்லும்: ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெப்ரோன்கள் (வடிகட்டும் நுண்குழாய்கள்), இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது 180 லீட்டர் அளவு, வெளியே போவது ஒன்று அல்லது இரண்டு லீட்டர்தான். மீதி அவ்வளவும் திரும்பக் குருதிக்குள் போகிறது. இது மனதில் பதிந்துவிட்டால், சீனி வருத்தக்காரருக்கு ஏன் அடிக்கடி சிறுநீர் போகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்ப உறிஞ்சக்கூடிய அளவைத் தாண்டிய குளுக்கோஸ் குழாயிலேயே தங்கிவிடுகிறது, தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அவருக்குத் தாகமும் அடங்குவதில்லை. டியூட்டை மட்டும் படித்த பிள்ளைக்கு அந்த மூன்று சொல்லும் ஒப்பிக்க வரும், இந்தப் பதில் வராது.

டியூட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கேள்வி வரும் என்று அதற்குத் தெரியும், தமிழில் இருக்கிறது, ஒரு இரவில் புரட்டி முடிக்கலாம். பரீட்சைக்கு முந்தின கிழமை அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் போட்டோகொப்பியின் போட்டோகொப்பியாக வரும் டியூட்டில் பிழையும் கூடவே வரும். நான் படித்த காலத்தில் கைக்கு வந்த ஒன்றில், "நாடிகள் ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டு செல்லும்" என்று மட்டும் இருந்தது. அதையே நம்பி, நுரையீரல் நாடியிலும் ஒட்சிசன் நிறைந்த குருதி ஓடுகிறது என்று எழுதிவிட்டேன். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நாளம். ஒட்சிசன் கணக்கு அதற்குப் பிறகுதான். நுரையீரலுக்குப் போகும் நாடியில் ஒட்சிசன் குறைந்த குருதிதான் ஓடுகிறது. இந்த ஒரு வரி டியூட்டில் விடுபட்டிருந்தது.

ஆகவே புரிந்துகொள்ளப் புத்தகம், திருப்பிப் பார்க்க டியூட். மாற்றிச் செய்தால் பலன் இல்லை.

வீடியோ எங்கே உதவும், எங்கே குழப்பும்

அசைகிற விஷயங்களுக்கு வீடியோவை எதுவும் அடிக்காது. இதயத்தின் ஒரு துடிப்பில் எந்த வால்வு எப்போது மூடுகிறது, தசைநாருக்குள் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி வழுக்குகின்றன, நரம்புக்கலத்தின் வழியே கணத்தாக்கம் என்ற மின்சைகை எப்படி ஓடுகிறது: இவற்றைப் பத்துப் பக்கம் வாசிப்பதைவிட மூன்று நிமிடம் பார்ப்பது மேல். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் முப்பரிமாண ஆப்களும் நல்லவை, போன் தாங்கினால்.

குழப்பம் மொழியில் வருகிறது. தமிழில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வீடியோக்கள். அருமையாக விளக்குகிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தமனி, சிரை, செல், திசு. நமக்கு நாடி, நாளம், கலம், இழையம். அவர்களுடைய ஹார்மோன் நமக்கு ஓமோன். அங்கே நாடி என்றால் கை பிடித்துப் பார்க்கும் துடிப்பு. ஒரு பிள்ளை இரண்டு வாரம் தமனியும் நாடியும் வெவ்வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தவறு அவள் பக்கமும் இல்லை, வீடியோ பக்கமும் இல்லை. கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதிக்கொண்டால் தீர்ந்துவிடும்: நம் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல்.

இன்னொன்றும் உண்டு. வீடியோ ஓடும்போது எல்லாம் விளங்கியதுபோலவே இருக்கும். நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளில் வரையச் சொன்னால் கை நின்றுவிடும். அதனால் வீடியோ முடிந்ததும் வரைந்து பார்க்காமல் அடுத்ததைத் தட்டாதீர்கள். டேட்டாவுக்கு ரீலோட் போட்ட காசாவது மிஞ்சும்.

சொல் அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மணிக்கட்டின் 8 எலும்புகள், மண்டையோட்டு நரம்புகள் 12 சோடி, இப்படி வரிசையாக நினைவில் இருக்க வேண்டியவற்றுக்கு அட்டை நல்லது. காரணம் கேட்கும் கேள்விக்கு உதவாது. அட்டை எழுதுவதென்றால் முழுப் பெயரையும் அப்படியே எழுதாமல் உடைத்து எழுதுங்கள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்று கேட்டதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது பெயரே இல்லை, விலாசம். ஸ்டெர்னம் மார்பெலும்பு, கிளைடோ காறை எலும்பு, மாஸ்டாய்ட் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனை. இந்த மூன்றையும் இணைக்கும் கழுத்துத் தசை. தலையை வலப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள், இடப்பக்கத்துத் தசை கயிறுபோல எழுந்து நிற்கும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மா நிமிரும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் புடைக்குமே, அதேதான்.

பிளாஸ்டிக் மாடலா, ஆட்டு இதயமா

மருத்துவ பீடத்தில் படிக்கிறவர்களுக்கு மனித உடலையே அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. மற்ற அறிமுக வகுப்புகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் மாடல்தான். ஒரு மாடலைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். நிறம் பிரித்து, எண் போட்டிருக்கும். பெயர் படிக்க அது போதும். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது: எல்லாப் பாகமும் ஒரே கடினம்.

ஒரு சனிக்கிழமை இறைச்சிக் கடையில் சொல்லி வைத்து ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்தோம். ஆட்டுக்கும் நமக்கும் இதயத்தில் அதே நான்கு அறைதான். பழைய பேப்பரை விரித்து, கத்தியைக் கொடுத்தேன். வெட்டுவதற்கு முன்பே விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வலப்பக்கம் அமுங்கியது, இடப்பக்கம் கட்டியாக எதிர்த்து நின்றது. வெட்டிப் பார்த்தால் இட இதயவறையின் சுவர் வலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. "ஏன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "வலப்பக்கம் பக்கத்தில இருக்கிற நுரையீரலுக்குத்தானே அக்கா அனுப்புது, இடப்பக்கம் முழு உடம்புக்கும் அனுப்பணும்" என்றாள். மனிதரில் இட இதயவறை எழுப்பும் அமுக்கம் 120 மில்லிமீட்டர் இரசம் அளவு, வலது 25 அளவு. அந்த எண்களை அதற்குப் பிறகு சொன்னேன், ஒருவரும் மறக்கவில்லை.

இடச் சோணையறைக்கும் இட இதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள்போல நாண்கள் கீழே இறங்கி, சுவரிலுள்ள சிறு தசை மேடுகளில் பிடித்திருந்தன. இழுத்துப் பார்த்தோம், அறவில்லை. குடை காற்றில் மேல்பக்கம் மடங்காமல் கம்பிகள் பிடித்திருப்பதுபோல, வால்வு சோணையறைப் பக்கம் புரண்டு போகாமல் இந்த நாண்கள் பிடித்திருக்கின்றன. மாடலிலும் அவை உண்டு, இழுத்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

மாடலும் வேண்டும்தான். முதலில் அதில் பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கையில் இருப்பது என்னவென்று தெரியும். ஆனால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் ஆட்டு இதயத்தைத்தான் எடுப்பேன்.

காசே செலவில்லாத இன்னொரு மாடல் உங்கள் உடம்பு. மலையில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறக்கத்தால்தான். இறங்கும்போது தொடையின் முன் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அப்படி நீளும்போது வேலை செய்யும் தசைநாரில்தான் நுண்ணிய சேதம் அதிகம். அட்டை கடித்த இடத்தில் குருதி நிற்காமல் வழிவது ஏன் என்று கேட்டால் உறைதல் பாடம் முழுவதும் அதற்குள் வந்துவிடும்: அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் போன்ற பொருள், உறைதலை நடத்தும் நொதியமான திரொம்பினைத் தடுக்கிறது, திரொம்பின் இல்லாமல் பைபிரினோஜன் பைபிரின் ஆவதில்லை, பைபிரின் வலை இல்லாமல் உறைகட்டி உருவாவதில்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஒட்சிசனின் வீதம் அதே 21தான், குறைவது அதன் பகுதியமுக்கம், அதாவது ஒட்சிசன் மட்டும் கொடுக்கும் அமுக்கம். சுவாசப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஊரை வைத்துச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

"இனி எல்லாம் இங்கிலீஷ்ல தான், தமிழை விட்டுடுங்க" என்று முதல் நாளே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணி செய்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1850களிலேயே இந்தப் பாடத்தைத் தமிழ் நூலாக்கினார். அனாட்டமிக்கு அங்காதிபாதம், பிசியோலஜிக்கு சுகரணவாதம் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொற்கள் இன்று வழக்கில் இல்லை, ஆனால் தமிழில் இது முடியும் என்பது நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அதேநேரம் பரீட்சை ஆங்கிலத்தில், நோயாளியின் அட்டையும் ஆங்கிலத்தில். ஆங்கிலச் சொல்லைத் தள்ளிப் போட்டால் வார்ட்டில் திணற வேண்டிவரும். காரணத்தைத் தமிழில் யோசியுங்கள், பெயரை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்றாவது ஒரு மொழியும் உண்டு, அதை எந்தப் புத்தகமும் தராது. சேலைன் ஏற்ற வரும்போது தோட்டத்துப் பாட்டி, "மகள், இந்தக் கையில நரம்பு கிடைக்காது, அந்தக் கையைப் பாரு" என்பார். அவர் சொல்லும் நரம்பு நாளம். நரம்பு என்று படித்ததை மனதில் வைத்துக்கொண்டு அவரைத் திருத்தப் போகாமல், மறுகையைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறவர்களுக்கு: கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் இரண்டை வாசிப்புக்கு, இரண்டைப் பார்க்காமல் வரைவதற்கு, ஒன்றை வீடியோவுக்கும் அட்டைக்கும் கொடுங்கள். வரைவதைத்தான் எல்லாரும் முதலில் கைவிடுகிறார்கள். அழகாக வர வேண்டியதில்லை, அம்புக்குறி சரியான பக்கம் போனால் போதும்.

ஆட்டு இதயம் வாங்குகிறவர்கள் முந்தின நாளே கடையில் சொல்லி வையுங்கள். மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட வெட்டாமல் தரச் சொல்லுங்கள். பெருநாடி கொஞ்சம் நீளமாக இருந்தால் அதன் வாயில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். உள்ளே மூன்று பிறை வால்வுகளும் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும்.