ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங் - போய்ப் பாத்துட்டு சொல்றேன்

குடிய விடணும்னு எத்தனை தடவ சத்தியம் பண்ணிருப்பேன், ஒண்ணும் நிக்கல. 1935ல ஆரம்பிச்ச இந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ), அதாவது குடிய விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கற கூட்டத்துக்குப் போனப்புறம்தான் வழி தெரிஞ்சுது. கட்டணம் கிடையாது, குடிய விடணும்ங்கற ஆசை இருந்தா போதும். குடிலேர்ந்து மீள அவங்க சொல்ற 12 படில ரெண்டாவது படி, நம்மள விடப் பெரிய சக்தி ஒண்ணு நம்மள மீட்கும்னு நம்புறது. சாமி கும்பிடாத எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுது, ஆனா பக்கத்துல இருந்த பெரியவர் "அந்த சக்தி எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ தம்பி"ன்னார், அப்போ எனக்கு வட்டமா உக்காந்திருந்த அந்த ஆளுங்கதான் அந்த சக்தி. இப்பவும் மனசு தடுமாறுற ராத்திரில ரெண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கிட்டு "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னைத் தாங்கிக்கோ"ன்னு கேக்குறேன், கொஞ்ச நேரத்துல விரல் தானா தளருது. தவிக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவ போய் உக்காந்து பாருங்க, பேசணும்னு கட்டாயம் இல்ல.