தூக்குவதில் குறையில்லை, இறக்கும்போதுதான்

போன சனிக்கிழமை ஜாக்கியைப் பிரித்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நண்பனிடமிருந்து போன். டொயோட்டா 86 என்கிற தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். "மச்சான், நீ வெச்சிருக்கிற ஜாக்கியையே நானும் வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கார் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. கனடாவில் மியாட்டா என்றால்தான் தெரியும். பிராம்ப்டனில் வீட்டு கராஜில் நிற்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் தாழ்த்திவிட்டார். முன் பம்பரின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே 11 செ.மீ.தான். ஜாக்கி ஒன்றரை டன் தூக்கும், சக்கரம் வைத்த அலுமினிய ட்ராலி ஜாக்கி. காரைத் தாங்கும் தட்டை முழுக்க இறக்கினால் அதன் உயரம் 89 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருந்தது. ஐந்து வருடத்தில் நாற்பது தடவைக்கு மேல் காரைத் தூக்கியிருக்கிறேன். தூக்குகிற வேலையில் ஒரு நாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

ஜாக்கி வாங்கும்போது எல்லோரும் அந்தத் தட்டின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். தாழ்வான காருக்கு அது பாதிக் கணக்குதான். மியாட்டாவின் முன்பக்கத்தைத் தூக்க வேண்டிய இடம், அடியில் முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதி. பம்பரிலிருந்து அது நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. தட்டு உள்ளே போய்விடும், ஆனால் ஜாக்கியின் முதுகில் இருக்கும் ஹைட்ராலிக் பகுதி தட்டைவிட உயரம், அது பம்பரில் போய் இடிக்கும். அதையும் தாண்டி உள்ளே போனால் கைப்பிடியை அடிக்க இடம் இருக்காது. பம்பர் குறுக்கே நிற்கும், இரண்டு விரல் அளவுக்குத்தான் மேலும் கீழும் ஆட்ட முடியும். என் ஜாக்கி நீளமானது, முதுகும் தாழ்வு. அதனால் அந்தச் சின்ன அசைவிலேயே தட்டு ஏறிவிடுகிறது. கடையில் பார்க்கும்போது தட்டை மட்டும் அளக்காமல், தட்டிலிருந்து இரண்டடி பின்னால் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

அப்படியிருந்தும் வெறும் தரையில் நிற்கும் காருக்கு அடியில் என் ஜாக்கி போகாது. பலகை வேண்டும். இங்கே மரக்கடையில் இரண்டுக்குப் பத்து அங்குலம் என்று விற்கும் பலகையின் நிஜமான கனம் 38 மி.மீ. அதில் இரண்டு துண்டு அறுத்து, டயர் ஏறும் பக்கத்தைச் சாய்வாகச் சீவி வைத்திருக்கிறேன். முன் சக்கரங்களை மெதுவாக அதன்மேல் ஏற்றினால் 38 மி.மீ. கிடைக்கும், அது போதும். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்திய பொருள் எது என்று கேட்டால் ஜாக்கியைச் சொல்ல மாட்டேன், இந்த இரண்டு பலகையைத்தான் சொல்வேன்.

அப்புறம் தரை. ஜாக்கியின் தட்டு நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து போகிறது. அதனால் தூக்கத் தூக்க ஒன்று கார் நகர வேண்டும், இல்லை ஜாக்கி நகர வேண்டும். கார் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருப்பதால் ஜாக்கிதான் காருக்கு அடியில் உருண்டு போக வேண்டும். அதன் சின்ன இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பொடிக் கல் கிடந்தாலும் அது நின்றுவிடும். ஜாக்கி நின்றால் தட்டு சட்டத்தின்மேல் வழுக்க ஆரம்பிக்கும். வீட்டு முன்னால் இருக்கும் தார்த் தரையில் நான் தூக்குவதே இல்லை. அது ரோட்டைப் பார்த்துச் சரிவாக இருக்கிறது. ஜூலை வெயிலில் இளகியும் விடும். ஒரு தடவை, தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டின் கால் ஒரு விரற்கடை அளவு உள்ளே புதைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கராஜின் கான்கிரீட் தரையில் மட்டும்தான், அதையும் கூட்டிப் பெருக்கிய பிறகுதான்.

பெருக்குவது என் மகளின் வேலை. வயது பன்னிரண்டு. கட்டை போடுவதும் அவள்தான். "அப்பா, முன்னாடி ரெண்டு பக்கமும் கட்டை வெச்சாச்சு" என்று அவள் சத்தமாகச் சொன்ன பிறகுதான் நான் கைப்பிடியைத் தொடுவேன். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மியாட்டாவுக்குப் பின் சக்கரங்களில்தான் இழுவை. ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும் பின் சக்கரங்கள்தான் நிற்கும். அப்படியானால் பின்பக்கத்தை, பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியில் ஜாக்கியை வைத்துத் தூக்கிய நொடியில் கியர், ஹேண்ட் பிரேக் இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோ கார் உருளாமல் இருப்பது முன் டயருக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டையால் மட்டும்தான். பல வருடம் கார் வைத்திருப்பவர்கள்கூட இதை யோசித்ததில்லை என்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஸ்டாண்டு வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பு. அதில் முன்னும் பின்னும் வெட்டு அடையாளம் இருக்கும். ஒண்டாரியோவில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். பழைய மியாட்டாவில் துணிக் கூரையின் தண்ணீர் வழியும் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்தப் பகுதிக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வாங்கிய முதல் வருடம் இடது பின் பக்கத்தில் ஸ்டாண்டை வைத்து இறக்கியபோது காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம். விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு மடங்கிப் போயிருந்தது. ஜாக்கியின் மேலும் ஸ்டாண்டின் மேலும் தப்பில்லை, நான் அடியில் தட்டிப் பார்க்காமல் வைத்தேன். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஸ்டாண்டின் மேல் ஐஸ் ஹாக்கி பக்கு ஒன்றை வைக்கிறேன். கெட்டியான ரப்பர், ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம், இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். நடுவில் ரம்பத்தால் ஒரு பள்ளம் கீறினால் தகட்டு விளிம்பு அதில் உட்கார்ந்துகொள்ளும், பாரம் விளிம்பின்மேல் இறங்காமல் இரண்டு பக்கமும் பரவும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் ஜாக்கி இறங்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு ஆயிலின் வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் ஆயில் திரும்ப ஓடி கார் இறங்கும். நல்ல ஜாக்கியில் கைப்பிடியை எவ்வளவு திருப்புகிறோமோ அந்த அளவுக்கு நிதானமாக இறங்கும். என்னுடையதில் கைப்பிடிக்கும் திருகுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு முதல் நாளிலிருந்தே தொளதொள. கால் சுற்றுத் திருப்பினாலும் எதுவும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்புவோம், அப்போதும் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஒரு நூல் திருப்பினால் மொத்தமாகத் திறந்துகொள்ளும்.

மூன்றாவது வருடம் பின் பிரேக் பேடு மாற்றிவிட்டு இறக்கினேன். ஸ்டாண்டுகளை எடுத்தாகிவிட்டது. கைப்பிடியைத் திருப்பினேன், அசையவில்லை. இன்னும் துளி திருப்பினேன். கார் தொப்பென்று தரையில் விழுந்தது. திறந்து வைத்திருந்த டிக்கி மூடி தானாக அறைந்து சாத்திக்கொண்டது. மகள் நான் சொன்ன இடத்தில், வீட்டுக்குள் போகும் கதவருகே நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. விற்ற கடைக்கு எழுதினேன். இந்த ரகத்தில் இது சகஜம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு டன் இரும்பை இறக்கும் சாமானில் இது எப்படி சகஜமாகும்? இன்றுவரை எனக்கு அந்தப் பதில் ஆறவில்லை.

போன சனிக்கிழமை பிரித்ததற்குக் காரணம் வேறு. தூக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் தானாக ஒரு அங்குலம் இறங்க ஆரம்பித்திருந்தது. குண்டு உட்காரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தது, பம்பு சீலும் தேய்ந்திருந்தது. சீல் வந்து சேர ஏழு வாரம். ஜாக்கி ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், அதுவும் தட்டை முழுக்க இறக்கி வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊறிக் கெட்டுவிடும். தொளதொள இணைப்பில் ஒரு பித்தளைத் தகட்டை மடித்துச் செருகியதில் ஆட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. குண்டு திறக்கும் இடம் எது என்று பார்த்து, கைப்பிடியிலும் அதன் குழாயிலும் மனைவியின் நகப்பூச்சால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடும் நெருங்கும்போது இரண்டு கையாலும் பிடித்து மயிரிழையாகத் திருப்புகிறேன். இப்போது நிதானமாக இறங்குகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் செய்ய வேண்டிய வேலையா இது?

ஜாக்கி தானாக இறங்கிய அந்த ஒரு அங்குலம் எனக்குப் பயத்தைத் தரவில்லை. ஜாக்கியை நம்பி நான் ஒருநாளும் அடியில் போனதில்லை. ஸ்டாண்டில் கார் உட்கார்ந்த பிறகு பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பார்ப்பேன், கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து அடியில் தள்ளுவேன், அதற்கப்புறம்தான் படுப்பேன். ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் கடை விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல் வரிசையில் கொக்கி சரியாகக் கவ்வாமல் பாரத்தோடு கீழே இறங்க வாய்ப்பிருந்தது. மாற்றாகக் கொடுத்ததில் சிலவற்றிலும் வெல்டிங் குறை இருந்தது. என்னுடையது அந்தக் கடையில் வாங்கியது இல்லை. ஆனாலும் செய்தியைப் படித்த வாரமே, பல்லோடு குறுக்கு ஊசியும் செருகும் ரகமாக நாலு வாங்கிவிட்டேன்.

சக்கர நட்டைப் பற்றி ஒரே வரி: கார் தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள், இறக்கிய பிறகு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முறுக்குங்கள். மியாட்டாவுக்கு நான் 110 நியூட்டன் மீட்டர் வைக்கிறேன்.

சாயங்காலம் நண்பனைக் கூப்பிட்டு, இந்த ஜாக்கியை வாங்காதே என்று சொல்லிவிட்டேன். தூக்குவதற்கு இந்த விலையில் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை, இருந்தாலும் வாங்காதே. அந்தக் காசில் முதலில் ஸ்டாண்டும் கட்டையும் வாங்கு, மிச்சத்துக்குக் கொஞ்சம் சேர்த்து, கடையிலேயே பாரம் வைத்து இறக்கிக் காட்டச் சொல்லி, நிதானமாக இறங்குகிற ஜாக்கியாக வாங்கு என்றேன். "அப்படின்னா உன்னோடதை என்ன பண்ணப் போறே?" என்று கேட்டான். நான் விற்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவன் பம்பருக்குப் பலகை ஒன்று போதுமா, இரண்டு அடுக்கு வேண்டுமா என்று அளந்து பார்க்க வேண்டும்.