மருந்துப் பைக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு தூரம்?

கோயம்புத்தூரில் முழு ஆண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளின் பேச்சு இரண்டு ஊர்களைத்தான் சுற்றிவரும். ஒன்று மேட்டுப்பாளையம், இன்னொன்று கொச்சி. மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டு. கொச்சிப் பக்கம் பள்ளிக்கரையில், 2000-ஆம் ஆண்டில் வீகாலேண்டாகத் தொடங்கி இன்று வொண்டர்லாவாக இருக்கும் பூங்காவில் தண்ணீரும் உண்டு, அடிவயிற்றைக் கலக்கும் ராட்டினங்களும் உண்டு.

என் மகளுக்கு வயது பதினொன்று. ஆறு வயதில் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. அவள் உடல் இன்சுலினைச் சுரப்பதில்லை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் முன்னால் ஒரு ஊசி, இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று. "இவளை அங்கெல்லாம் அழைத்துப்போகலாமா?" என்று உறவினர்கள் கேட்காத விடுமுறை இல்லை. அழைத்துப்போகலாம். அழைத்துப்போகத்தான் வேண்டும். தம்பி நனைந்து வந்து கதை சொல்வதை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கிற பிள்ளையாக அவளை வளர்க்க எனக்கு மனமில்லை. எந்த வகைப் பூங்காவுக்கு என்பதில்தான் எனக்குக் கேள்வி. மூன்று ஆண்டுகளில் தண்ணீர்ப் பூங்காவுக்கு இரண்டு முறையும் ராட்டினப் பூங்காவுக்கு மூன்று முறையும் போய்வந்திருக்கிறோம். எந்தெந்தப் பூங்கா என்பது இங்கே தேவையில்லை. எல்லாப் பூங்காவுக்கும் பொருந்துவதைத்தான் எழுதுகிறேன்.

இப்போது நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். அவளுடைய மருந்துப் பை அவளிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும்? பையில் இருப்பவை: இரண்டு இன்சுலின் பேனா, விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப் டப்பா, மருத்துவரின் கடிதம், பத்துப் பத்து கிராமாக நிறுத்து மடித்த குளுக்கோஸ் பொட்டலங்கள். ரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 70-க்குக் கீழே இறங்கினால், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. முப்பது கிலோ பிள்ளைக்கு ஒன்பது கிராம். கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்திவிடும்.

தண்ணீர்ப் பூங்கா

முதலில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தலைகீழாகச் சுழற்றும் ராட்டினத்தைவிடத் தண்ணீர் சாது என்று நினைத்தோம். வெயிலில் வரிசையில் நின்று காய வேண்டாம், சின்னவனும் சேர்ந்து விளையாடலாம், உடம்பும் குளிர்ந்திருக்கும். இவை எல்லாமே உண்மைதான்.

ஆனால் பை லாக்கரில் இருந்தது. அலைக்குளத்திலிருந்து லாக்கர் அறைக்கு, சுடுகிற சிமெண்ட் தரையில் ஈரக்காலோடு நடந்து போய், மணிக்கட்டில் கட்டிய சாவியால் திறந்து எடுத்து வர எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. தண்ணீரில் இருக்கும் பிள்ளை ஓய்வதே இல்லை. ஏறுவது, சறுக்குவது, எதிர்நீச்சல், மறுபடி ஏறுவது. தசைகள் வேலை செய்யச் செய்ய ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் போட்ட ஊசியும் அதன் பங்குக்கு இறக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அடையாளங்கள் மறைந்துவிடுவது. சர்க்கரை இறங்கும்போது என் மகளுக்கு நெற்றி வியர்க்கும், உதடு வெளுக்கும், கை நடுங்கும். நனைந்த முகத்தில் வியர்வை எங்கே தெரியும்? குளிர்ந்த தண்ணீரில் எல்லாப் பிள்ளைகளின் உதடும் வெளுத்திருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் நடுங்குகிறார்கள்.

முதல் முறை போனபோது, அலை வரப்போகிறது என்று சைரன் ஒலித்தது. எல்லோரும் கூச்சலிட்டபடி ஆழத்தை நோக்கி ஓடினார்கள். இவள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. "கண்ணு, பசிக்கிறதா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். "உன் பெயர் என்ன?" என்றேன். அதற்கும் "ம்". தூக்கிக்கொண்டு கரையேறினேன். நல்லவேளையாக இடுப்பில் ஒரு பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்திருந்தேன். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தேன். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவள் இன்னும் விழுங்கும் நிலையில் இருந்தாள். என் கணவர் லாக்கரிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது 52 காட்டியது. அது குளுக்கோஸ் உள்ளே போன பிறகு வந்த எண். எவ்வளவில் இருந்து ஏறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மீட்டரையும் ஈரத்தில் முழுதாக நம்ப முடியாது. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலில் குத்தினால், ரத்தத்துளியோடு தண்ணீர் கலந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். துண்டால் நன்றாகத் துடைத்து, முதல் துளியைத் துடைத்தெறிந்து, இரண்டாம் துளியில் பார்க்க வேண்டும். குத்தாமலே சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து போனில் காட்டும், மேற்கையில் ஒட்டும் சென்சார் இருந்தால் போதுமே என்று கேட்கலாம். நாங்கள் பயன்படுத்துவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வரைதான் தண்ணீரைத் தாங்கும். அலைக்குளத்தில் பிள்ளை அதற்குள் கரையேறுவாளா? சென்சாரின் எண்ணைப் பார்க்க வேண்டிய போனும் லாக்கரில்தான் இருக்கும். இரண்டாம் முறை போனபோது, சறுக்கில் மூன்றாம் தடவை இறங்கியதுமே ஒட்டும் ஓரம் கழன்று தொங்கியது.

ராட்டினப் பூங்கா

இங்கே பை என் தோளில் இருக்கும். அவள் ஏறும் ராட்டினத்தின் வெளிவாசலில் நான் நிற்பேன். மூன்று நிமிடத்தில் அவளே இறங்கி என்னிடம் வருவாள். இந்த ஒன்றுக்காகவே மற்ற குறைகள் அனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. பயமும் பரபரப்பும் அட்ரினலினைச் சுரக்கவைக்கும். அது ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். எதுவும் சாப்பிடாமலே, ரோலர் கோஸ்டரில் ஏறும்போது 150 இருந்தது இறங்கிய சிறிது நேரத்தில் 210 ஆனது. அதைப் பார்த்துப் பதறி ஊசி போட்டால், அடுத்த இரண்டு மணி நேர நடையில் சர்க்கரை படுத்துவிடும். நாங்கள் காத்திருந்தோம். மதியத்துக்குள் தானாகவே 140-க்கு வந்தது.

தண்ணீரில் அடையாளம் மறைகிறது என்றேன். இங்கே பொய் அடையாளம் வருகிறது. ராட்டினத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். சர்க்கரை இறங்கினாலும் இதேதான். "அம்மா, கால் நடுங்குகிறது" என்று அவள் சொன்னால் அது பயமா, குறைசர்க்கரையா என்று அவளுக்கே தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே விதி: நடுங்கினால் குத்திப் பார், யோசிக்காதே.

குத்துவதற்கு முன் கையைக் கழுவவும் வேண்டும். ஒரு முறை 312 காட்டியது. திருத்த ஊசிக்குப் பேனாவில் அளவைக்கூடத் திருகிவிட்டேன். அப்போதுதான் அவள் உதட்டோரத்தில் ரோஸ் நிறம் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் தோழியின் பஞ்சு மிட்டாயில் ஒரு பிய்ப்பு வாங்கியிருக்கிறாள். விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையும் சேர்ந்து மீட்டருக்குள் போயிருக்கிறது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன்: 143. அந்த ஊசியைப் போட்டிருந்தால் அன்று மாலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது.

ஊசிக்குப் பதிலாக, இன்சுலினைத் தொடர்ந்து உடலுக்குள் செலுத்தும் சிறு கருவியான இன்சுலின் பம்ப் அணியும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை உண்டு. வலுவான மின்காந்தத்தால் இயங்கும் ராட்டினங்களில் பம்பைக் கழற்றிவிட்டு ஏறுமாறு தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். உங்கள் பம்பின் கையேட்டை வீட்டிலேயே படித்துவிடுங்கள். கழற்றியதை மறுபடி மாட்ட மறக்கக் கூடாது. பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்து தீரும் இன்சுலின் மட்டும்தான், ஓரிரு மணி நேரம் விட்டாலே சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். பேனா ஊசிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தோளை அழுத்தும் இருக்கைப் பூட்டு சென்சாரில் இடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்சார் நெடுநேரம் அழுந்தினாலும் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

பேனாவை எதில் வைப்பது?

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கென்யாவின் அகதி முகாமில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படி, 25 முதல் 37 டிகிரிக்குள் நான்கு வாரம் வைத்திருந்தும் இன்சுலினின் வீரியம் குறையவில்லை என்று அதில் கண்டார்கள். பூங்காவின் நிழலில் ஒரு நாள் இருப்பதால் மருந்து வீணாகாது. மே மாதத்தில் நிறுத்திவைத்த காருக்குள் விட்டால் வீணாகும். உறைந்தாலும் வீணாகும், உறைந்து உருகியதைத் தூக்கியெறிவதைத் தவிர வழியில்லை.

ஐஸ் பெட்டியில் நாங்கள் பட்டது இதுதான். பேனா ஐஸ் பையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. மதியம் வழக்கமான அளவு போட்டோம், மாலை 340. மாற்றுப் பேனா கைப்பையில் தனியாக இருந்ததால் தப்பித்தோம். அடுத்து, தண்ணீரில் நனைத்தால் உள்ளே இருக்கும் துகள்கள் உப்பிக் குளிரும் துணிப்பையை வாங்கினோம். மண்பானை குளிர்வது போலத்தான் அதுவும். காற்றுப் பட்டு நீர் ஆவியானால் குளிரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் எங்கள் ஊரில் அருமையாக வேலை செய்கிறது. கொச்சியின் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிர்வதில்லை, மூடிய லாக்கருக்குள் வைத்தால் அதற்கும் குறைவு. இப்போது அகன்ற வாய் பிளாஸ்க்தான். குளிர்ந்த நீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்து, கொட்டி, ஈரம் துடைத்து, கைக்குட்டையில் சுற்றிய பேனாவை உள்ளே வைத்தால் மாலை வரை போதும்.

வாசலில்

வெளி உணவுக்குத் தடை என்பது பல பூங்காக்களின் வழக்கம். ஒரு பூங்காவின் வாசலில் பிஸ்கட்டையும் ஜூஸையும் எடுத்து வைத்துவிட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் பாதுகாவலரின் முகமே மாறியது. மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, மேலாளரை அழைக்கச் சொல்லி, இருபது நிமிடம் வெயிலில் நின்றோம். இப்போதெல்லாம் இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். கேட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை. முதலுதவி அறை எங்கே என்பதையும் நுழைந்தவுடன் நடந்து போய்ப் பார்த்துவிடுவோம்.

ஆக, என் தேர்வு ராட்டினப் பூங்கா. அதுவும் கோடையில் வேண்டாம். சூட்டில் ஊசி போட்ட இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உடலில் சேரும். டிசம்பர், ஜனவரியில் ஒரு வேலை நாளாகப் பார்த்துப் போனால் வரிசையும் குறைவு. கோடையில்தான் முடியும் என்றால் பெங்களூர் அருகே பிடதியில் 2005-இல் தொடங்கிய வொண்டர்லாவை யோசிக்கலாம். மேட்டு நிலம் என்பதால் வெயில் நம் சமவெளியின் அளவுக்குச் சுடாது, ராட்டினமும் தண்ணீரும் ஒரே வளாகத்தில் உண்டு. பகலெல்லாம் ராட்டினம், கடைசி ஒரு மணி நேரம் முழங்காலளவுத் தண்ணீர் என்று நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். இறங்கும் முன் 150-க்கு மேல் இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு முறை கரையேற வேண்டும், பொட்டலம் என் இடுப்பில் இருக்க வேண்டும். அன்றைக்கு ஊசியின் அளவை எவ்வளவு குறைப்பது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு தேர்வும் உண்டு: பள்ளிச் சுற்றுலா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் "பொறுப்பு எங்களால் ஏற்க முடியாது" என்று சொல்லி அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அன்று அவள் அழவில்லை, சீருடையை மாற்றாமல் மாலை வரை உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. இந்த ஆண்டு புதிய வகுப்பாசிரியை வீட்டுக்கே வந்தார். மீட்டரைத் தன் விரலில் குத்திப் பழகினார், பொட்டலத்தைக் கரைத்துக் காட்டச் சொன்னார், மூன்று தோழிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். சுற்றுலாவுக்கு ராட்டினப் பூங்காதான் முடிவானது. குடும்பமாகப் போவதைவிட இதில் ஆபத்து சற்றுக் கூடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பை அன்று அவள் தோளிலேயே இருந்தது. அளவுகோலில் அதைவிடக் குறைந்த தூரம் கிடையாது.

ஏழு முறை பார்த்ததாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு முறை 66; பொட்டலம் சாப்பிட்டு, வரிசையிலிருந்து விலகி உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சேர்ந்திருக்கிறாள். ஓடியாடிய நாளின் குறைசர்க்கரை இரவிலும் வரும் என்பதால் அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்தேன். 74. ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஆற்றி, பாதி தூக்கத்தில் தூக்கி உட்காரவைத்தேன். கண்ணைத் திறக்காமலே குடித்துவிட்டு, "அம்மா, நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.