எல்லைக் கயிற்றுக்கு அப்பால்: சில குளிர்காலங்களின் ஸ்கீ அனுபவம்

ஸ்கீ மையத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போக எந்த ஸ்கீ வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள்; மிச்சமாகும் பணத்தில் ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் சேருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் சில குளிர்காலங்கள் ஏறி இறங்கிய பிறகு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். மையத்துக்குள் செங்குத்தான தடங்களில் சளைக்காமல் இறங்குபவரும் வெளியே புதியவர்தான். பனிச்சரிவு ஆபத்தைக் குறைக்க அங்கே யாரும் முன்கூட்டி வெடி வைப்பதில்லை. கூப்பிட்டவுடன் ஓடிவரும் மீட்புக் குழுவும் கிடையாது.

ஏஎஸ்டி 1, அவலாஞ்ச் கனடா அமைப்பின் பாடத்திட்டம். குறைந்தது இரண்டு நாள். அதில் ஒரு நாள் மலையில். நான் படித்த இடத்தில் ஆசிரியர் அருமையானவர், ஆனால் மாணவர் கூட்டம் அதிகம். பனியில் புதைந்தவரை ரேடியோ அலையால் கண்டுபிடிக்கும் டிரான்ஸ்ஸீவர் கருவியைக் கையில் வைத்துத் தேடிப் பழக ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைத்தன. ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பின்னர் மீட்புப் பயிற்சி மட்டும் தரும் ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். இதுவரை செலவழித்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான்.

காரணம் நேரக் கணக்கு. பனிச்சரிவில் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்று ஸ்விட்சர்லாந்துப் பதிவுகள் காட்டுகின்றன. புதைந்து அரை மணி நேரம் ஆவதற்குள் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. ஆகவே காப்பாற்றப் போவது கூட வந்த நண்பர்தான். அவருக்குத் தேடத் தெரியாவிட்டால் நம்முடைய விலையுயர்ந்த கருவியால் பயனில்லை.

டிரான்ஸ்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்குகிறது. திரையிலுள்ள அம்புக்குறி நேராக அழைத்துப் போகாது. காந்தப் புலத்தின் வளைவைப் பின்பற்றிச் சுற்றிக்கொண்டு போகும். திரையில் தூரத்தை மீட்டரில் காட்டும் எண் மூன்றுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, முழங்காலிட்டு, கருவியைப் பனிக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும், இடமும் வலமுமாக மெல்ல நகர்த்தி, மிகச் சிறிய எண் வரும் இடத்தில் குறி வைக்கிறோம். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள் வட்டமாகப் புரோப் கம்பியைக் குத்திக்கொண்டே போக வேண்டும். கம்பி உடலில் பட்டால் பனிபோலக் கறகறக்காது, தரைபோல இடிக்காது. மெத்தென்று லேசாகத் திருப்பித் தள்ளும். வகுப்பில் துணி திணித்த பையைப் புதைத்து அந்த உணர்வைக் கைக்குப் பழக்கினார்கள். பட்டதும் கம்பியை உருவக் கூடாது. சற்றுக் கீழ்ச்சரிவில் நின்று, அதை நோக்கி ஷவலால் தோண்ட வேண்டும். உண்மையில் நேரத்தைத் தின்பது தோண்டுவதுதான். பிளாஸ்டிக் ஷவல் வேண்டாம். இறுகிய பனியில் உலோகம்தான் நிற்கும்.

செல்பேசியை டிரான்ஸ்ஸீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. மின்சூடேற்றும் கையுறைகூடக் குறுக்கிடும். தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் ஆல்கலைன் பேட்டரிதான். குளிர்காலம் முடிந்ததும் அதைக் கழற்றி வைக்கிறேன்.

மேலே ஏறும்போது பின்னால் சறுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைகளில், ஆட்டு ரோமமான மொஹேர் முன்னோக்கி நன்றாக வழுக்கும். நைலான் அதிகம் உழைக்கும். எனக்குக் கலவைப் பட்டை ஒத்துவந்தது. ஈரம் பட்டால் பசை பிடிக்காது. கழற்றியவுடன் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு இரண்டாகப் பிரியும் ஸ்பிளிட்போர்டு இருக்கிறது. இறங்கும் சுகம் குறையவில்லை என்கிறாள் என் தோழி. ஆனால் வழியில் சமதளம் குறுக்கிட்டால் அவளுக்குச் சிரமம். இருவரும் சேர்ந்து போகும் நாளில் வழியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கிறோம்.

காலப்போக்கில் நான் அதிகம் கற்றது வீட்டில் உட்கார்ந்துதான். மாலையில் வெளிவரும் பனிச்சரிவு முன்னறிவிப்பை இப்போது வரிவரியாகப் படிக்கிறேன். ஐந்து நிலைகளில் மூன்றாவதான ‘கணிசமான ஆபத்து’தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வானம் தெளிந்திருக்கும், பனி புதிதாக இருக்கும், மனம் இழுக்கும். தெளிந்த குளிர் இரவுகளில் பனிமேல் இறகுபோல் படிகங்கள் முளைக்கும். அவற்றின் மேல் அடுத்த புயலின் பனி விழுந்து மூடினால், அந்த மெல்லிய அடுக்கு வாரக்கணக்கில் வலுவிழந்தே கிடக்கலாம். கடலோர மலைகளைவிட ரோஜர்ஸ் கணவாய் போன்ற உட்பகுதிகளில் இந்தத் தொல்லை அதிகம். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் முன்னறிவிப்பு அந்த அடுக்கைச் சொல்லும் நாள்களில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவையும், அதன் அடிவாரத்தையும் தொடுவதில்லை.

2003-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பகுதியில் நடந்த இரண்டு பனிச்சரிவுகளில் பதினான்கு பேர் இறந்தனர். ஒன்றில் புகழ்பெற்ற ஸ்னோபோர்டு வீரர் கிரெய்க் கெல்லி. மற்றொன்றில் ஏழு பள்ளி மாணவர்கள். நிலப்பகுதியை எளிது, சவாலானது, சிக்கலானது என்று பிரிக்கும் முறை கனடாவில் வந்தது அதன் பிறகுதான். புதியவர்கள் முதல் குளிர்காலம் முழுவதும் ‘எளிது’ என்ற பிரிவிலேயே சுற்றுங்கள். அங்கேயே மரங்களுக்கு இடையில் இறங்குவதற்கு அழகான பனி கிடைக்கும்.

அடுத்து ஏஎஸ்டி 2-க்குப் பதிவு செய்திருக்கிறேன். அது குறைந்தது நான்கு நாள். பனியை வெட்டி அடுக்குகளைச் சோதிப்பதைவிட, குழுவாக வழி முடிவெடுப்பதில்தான் எனக்கு இன்னும் பயிற்சி தேவை. தோழியும் வருகிறாள்.