கல்லீரல் செல் இன்சுலினுக்கு இணங்காமற்போகும் இரு வழிகள்: ஏற்பிக் குறைவும் சமிக்ஞைத் தடையும்

இரத்தத்தில் இன்சுலின் நெடுநாள் மிகுந்திருந்தால், கல்லீரல் செல் தன் மேற்பரப்பு ஏற்பிகளை (இன்சுலினைப் பற்றி அதன் செய்தியை உள்ளே அனுப்பும் புரதங்களை) உள்ளிழுத்து, லைசோசோம்கள் என்னும் சிதைப்புப் பைகளில் சிதைக்கிறது. இது முதல் வழி. எனினும் முழு விளைவுக்கு எல்லா ஏற்பிகளும் தேவைப்படுவதில்லை என்பதால், கூடுதல் இன்சுலின் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

இரண்டாவது வழியில், ஏற்பிகள் இருந்தும் செய்தி உள்ளே முழுமையாகச் செல்வதில்லை. செல்லில் கொழுப்பு சேரும்போது மிகும் டைஅசைல்கிளிசரால் என்னும் கொழுப்பு மூலக்கூறு, புரதக் கைனேஸ் சி-எப்சிலான் என்னும் நொதியைத் தூண்ட, அது ஏற்பியின் 1160-ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து, ஏற்பியின் கைனேஸ் செயலை (பிற புரதங்களில் பாஸ்பேட் சேர்த்துச் செய்தியைக் கடத்தும் செயலை) ஒடுக்குகிறது. இங்கே இன்சுலினைக் கூட்டினாலும் பழைய உச்ச விளைவு கிடைப்பது அரிது. குளுக்கோஸ் உற்பத்தி அடங்காதிருக்க, கொழுப்பு உருவாக்கமோ தொடர்கிறது.

முதலாவது, இன்சுலின் மிகை தணிந்தால் சீராகக்கூடியது. இரண்டாவதையே நான் கூடுதல் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். ஏனெனில் அது இன்சுலின் சுரப்பை உயர்த்தி, முதலாவதையும் தூண்டிவிடுகிறது.