பழைய மவுண்டன் பைக்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

பழைய மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்துவிட்டால் ஆலோசனை சொல்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஸ்டிக்கர் முதல் பெடல் வரை அந்த வருடத்துப் பொருளாகவே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பிரேம் மட்டும் போதும், மீதியெல்லாம் இன்றைய பாகங்கள் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்ச காலம் இருந்து பார்த்தவன் நான். இப்போது ஸ்பேனரைத் தொடும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நாளைக்கு மனம் மாறினால் இதைப் பழையபடி ஆக்க முடியுமா? கழற்றிய பிரேக்கைப் பெட்டியில் போட்டு வைக்கலாம். உரித்த பெயிண்டை எந்தப் பெட்டியில் போடுவது?

முதலில் சீட் கம்பி

மற்றதெல்லாம் பிறகு. இரும்புக் குழாய்க்குள் அலுமினியம் சீட் கம்பி வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்தால், இரண்டு உலோகங்களும் ஈரத்தில் வினைபுரிந்து ஒட்டிப்போயிருக்கும். அது அசைகிறதா என்று பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

ஊடுருவும் எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் காத்திருந்து, கம்பியை வைஸில் பிடித்துப் பிரேமைத் திருகுவது ஒரு வழி. நீளமான பிரேம் நெம்புகோலாக வேலை செய்யும். அதே காரணத்தால் அவசரப்பட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது, கம்பியை மேலாக அறுத்துவிட்டு, மிச்சத்தை உள்ளிருந்து ரம்பத் தகட்டால் நீளவாக்கில் அறுப்பது. கை வலிக்கும், ஆனால் கட்டுப்பாடு நம்மிடம் இருக்கும். மூன்றாவது காஸ்டிக் சோடா. அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பை விட்டுவிடும். வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் கரைசல் சூடேறிப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு வரும், கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. நான் ரம்பத்தோடு நின்றுகொள்பவன். பிரேமே அலுமினியம் என்றால் சோடாவை நினைக்கவே வேண்டாம்.

பெயிண்ட்

உறுதி என்று பார்த்தால் பவுடர் கோட்டிங்குக்குத்தான் முதலிடம். பொடியைத் தூவி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கி இறுகச் செய்கிறார்கள். கல் தெறித்தாலும் எளிதில் பெயராது. என் முதல் பிரேமை அப்படித்தான் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. குழாய்கள் சேரும் இடத்தில் இருந்த மெல்லிய விளிம்புகள் கம்பளி போர்த்தியது போல மழுங்கிப்போயிருந்தன. பிரேமின் அடியில் பொறித்திருந்த சீரியல் எண்ணைத் தடவித்தான் படிக்க முடிந்தது. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) மரைகளை மூடி வைக்கச் சொல்ல மறந்தது என் தப்பு. மரைக்குள் இறங்கிய பூச்சை மரை வெட்டும் கருவி போட்டு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பசையால் ஒட்டிய அலுமினியம் பிரேம்களும் அந்தக் காலத்தில் வந்தன. அவற்றை அந்தச் சூட்டில் வைத்தால் பசையே பலவீனமாகிவிடும்.

ஸ்பிரே கேன் கைக்கடக்கமானது. பிரைமர், நிறம், கிளியர் என்று பூசிவிட்டு வாரக்கணக்கில் காயவிடும் பொறுமை வேண்டும். அப்படிக் காய்ந்த பிறகும் சாதாரண கேன் பெயிண்ட் சாவி உரசினால் கீறும். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம்.

மூன்றாவது வழியை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை: கழுவி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகு தேய்த்து, கீறல்களை நிறம் பொருந்தும் நகப்பூச்சால் அடைப்பது. பத்து அடி தூரத்தில் நின்று பார்த்தால் பழைய பெயிண்டுக்கு இருக்கும் ஆழம் எந்தப் புதுப் பூச்சுக்கும் வருவதில்லை. துரு இரும்பைத் தின்று பள்ளம் போட்டிருந்தால் ஒழிய, என் ஓட்டு இதற்குத்தான்.

துரு

வினிகர் எளிது. ஆனால் துரு தீர்ந்த பிறகும் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், எடுத்துக் காயவைத்த சிறிது நேரத்திலேயே புதுத் துரு படியும். சிறு போல்ட்டு நட்டுகளுக்குப் போதும். வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்துவது இரும்பைக் குறைக்காது. துருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயிண்டைக் கிளப்பிவிடும், குழாயின் உட்புறத்துக்கும் சரியாக எட்டாது. அதில் துருப்பிடிக்காத எஃகை எதிர்த்தகடாகப் போடவே கூடாது, நச்சுக் குரோமியம் கரைந்து வரும்.

பெயிண்டைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு ஆக்சாலிக் அமிலம். முழு பிரேமையும் ஊறவைக்கலாம், உள்ளும் புறமும் வேலை நடக்கும். சில நிறங்களை மங்கச் செய்யும் என்பதால் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். மஞ்சள் படிவு ஒட்டினால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசினால் சரியாகும். இதுவும் நஞ்சுதான், கையுறை வேண்டும்.

பிரேக்

இங்கே நான் அசல் கட்சியை விட்டு வெளியே வந்துவிடுவேன். ரிம்மின் இருபுறமும் இரு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கேபிள் என்று இருக்கும் பழைய கான்டிலீவர் பிரேக்கைச் சரியாக அமைத்தால் நன்றாகவே நிற்கும்; அந்தச் ‘சரியாக’ என்பதற்குள் ஒரு முழு மாலைப்பொழுது போய்விடும். குறுக்குக் கேபிளின் கோணம், ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டையின் உயரம், சாய்வு என எல்லாமே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். 1996 வாக்கில் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக் பிரேக் கைகளை மாட்டும் அதே இரு முளைகளிலேயே உட்காரும், அமைப்பது எளிது, பிடியும் வலுவானது. லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வி-பிரேக்குக்கு ஏறக்குறைய இரு மடங்கு நீளம் கேபிள் இழுபட வேண்டும். பழைய லீவரோடு போட்டால் கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் லீவர் ஹேண்டில்பாரில் இடித்துவிடும்.

1980களின் பிற்பகுதி பைக்குகள் சிலவற்றில் பின்பிரேக் செயின்ஸ்டேக்கு (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில் ஒளிந்திருக்கும். அது யூ-பிரேக். முளைகள் வேறு இடத்தில் இருப்பதால் வி-பிரேக் அதில் பொருந்தாது. சேற்றை அள்ளிக்கொள்ளும் அந்த இடத்தை யார் யோசித்தார்களோ! நல்ல கட்டைகளைப் போட்டு அதனோடு வாழப் பழகுவதுதான் வழி.

கியர், சக்கரம், பேரிங்

ஹேண்டில்பாருக்கு மேல் உட்காரும் பழைய கட்டைவிரல் ஷிஃப்டரைத் தூக்கிப் போடாதீர்கள். உராய்வில் இயங்கும் வகைக்கு எண்ணிக்கைக் கணக்கு கிடையாது. ஏழு பல்சக்கரமோ எட்டோ, விரல் உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். புது ஷிஃப்டர் வாங்கினால் பின் டீரெய்லர் (செயினை நகர்த்தும் கை), கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), சில சமயம் சக்கரம் என்று சங்கிலித் தொடராகச் செலவு நீளும்.

26 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு சற்றே பெரிய 650பி அளவு ரிம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரிம்மின் விட்டம் 559 மி.மீ.யிலிருந்து 584க்குப் போனால் அதன் விளிம்பு 12.5 மி.மீ. வெளியே தள்ளும், பிரேக் கட்டை எட்டாது. இருக்கிற சக்கரத்தில் கோட்டம் எடுத்து, நல்ல டயர் போடுவது மேல்.

பாட்டம் பிராக்கெட்டில் மட்டும் தயக்கமில்லாமல் புதியதுக்குப் போவேன். பழைய கப்பும் குண்டும் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை கிரீஸ் போட்டாலும் கரகரக்கும். பேரிங்கை உள்ளே வைத்து அடைத்த கேட்ரிட்ஜைப் போட்டால் வருடக்கணக்கில் மறந்துவிடலாம். பழைய கப்புகளைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். கழற்றும்போது, பிரிட்டிஷ் மரை என்றால் செயின் பக்கத்துக் கப் வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். இதை மறந்து இரண்டடி இரும்புக் குழாயை மாட்டி இறுக்கிக்கொண்டே போனவன் நான்தான்.