பிரிண்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்த வழி நல்லது? ஹோஸ்ட்ஸ், .லோக்கல், ரூட்டர், பை-ஹோல்

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பழைய வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் பக்கம் மாட்டிய ஃபைபர் பெட்டியின் வைஃபை புழக்கடை வரை எட்டாது. அதனால் நடுவில் இன்னொரு ரூட்டர் வாங்கி வைக்கிறார்கள். நெட் நன்றாக ஓடும். ஆனால் பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், படம் போட்டு வைத்த ஹார்டு டிஸ்க் பெட்டி எதையும் பெயரைச் சொல்லித் திறக்க முடியாது. "தம்பி, யூடியூப் நல்லாத்தான ஓடுது, பிரிண்டர மட்டும் காணலன்னு சொல்லுது" என்று அத்தை போன் பண்ணினால் காரணம் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு சோதனை. பிரிண்டரின் ஐபி எண்ணை (வீட்டு நெட்டில் அதன் முகவரி), 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம், பிங் செய்து, அதாவது கட்டளை கொடுத்து அழைத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் அது பெயர்ச் சிக்கல். எண்ணுக்கே பதில் இல்லை, பிரிண்டரும் ஆனில்தான் இருக்கிறது என்றால் இரண்டு ரூட்டர்களும் தனித்தனியாக ஐபி கொடுத்துக்கொண்டிருக்கலாம். வாசல் பெட்டியில் இணைந்த போனால் உள் ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டரை எட்ட முடியாது. உள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தான் ஐபி கொடுக்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் நிலை) மாற்றுங்கள். அதைச் செய்யாமல் கீழே சொல்லும் எதைச் செய்தும் பயனில்லை.

முதல் வழி ஹோஸ்ட்ஸ் கோப்பு, அதாவது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியல். அதில் ஒரு வரி எழுதினால் போதும், யாரையும் கேட்காமல் பெயர் எண்ணாகிவிடும். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக எழுத வேண்டும், போனில் சாதாரணமாக எழுதவே முடியாது. ஒரே மேசைக் கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்குச் சரி.

அடுத்தது .லோக்கல் என்று முடியும் பெயர்கள். இதற்குப் பின்னால் இருப்பது எம்டிஎன்எஸ் என்ற முறை. ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணமாக 2013இல் வந்தது. இதற்கு சர்வர் கிடையாது. முற்றத்தில் நின்று "இங்கே பிரிண்டர் யாரு?" என்று குரல் கொடுப்பது மாதிரி, 224.0.0.251 என்ற முகவரிக்கு 5353ஆம் போர்ட்டில் கேள்வி போகும். பெயருக்கு உரிய சாதனமே பதில் சொல்லும். இன்றைய பிரிண்டர்கள் பலவற்றில் இது தானாகவே ஓடுகிறது. கரண்ட் போய் வந்தாலும் பாதிப்பில்லை. குறை என்னவென்றால் இந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனுக்குக் கேட்காது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசரில் .லோக்கல் பெயர் திறக்காது.

மூன்றாவது வழி ரூட்டரே பதில் சொல்வது. என் தேர்வு இதுதான், ஆனால் இதில்தான் கோளாறுகளும் அதிகம். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் போட்ட ரூட்டரில் அதற்காக டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருள் ஓடும். ஒரு சாதனம் ஐபி கேட்கும்போது பெரும்பாலும் தன் பெயரையும் சொல்லும். டிஎன்எஸ்மாஸ்க் அதைக் குறித்துக்கொண்டு, யாராவது கேட்டால் பதில் தரும். போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஒரே இடம்.

அப்படியும் பெயர் திறக்கவில்லை என்றால் கேள்வி ரூட்டருக்குப் போகவே இல்லை என்று சந்தேகப்படுங்கள். லேப்டாப்பில் பெயரைத் தேடும் என்எஸ்லுக்கப் கட்டளை கொடுத்து, எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்டது என்று காட்டும் மேல் வரியைப் பாருங்கள். அங்கே 192.168.1.1 என்று உங்கள் ரூட்டர் எண் இருந்தால் நல்லது. 8.8.8.8 என்று இருந்தால் கேள்வி கூகுளுக்குப் போகிறது. உங்கள் வீட்டுப் பிரிண்டர் கூகுளின் டிஎன்எஸுக்கு எப்படித் தெரியும்? "ஒன்று படுத்தால் இன்னொன்று" என்று 8.8.8.8ஐ இரண்டாவது டிஎன்எஸ் ஆகக் கொடுத்து வைப்பவர்கள் நிறைய. சாதனங்கள் எப்போதும் வரிசைப்படி கேட்பதில்லை, அதனால் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. வீட்டுக்குள் ரூட்டர் ஒன்றை மட்டும் கொடுங்கள். மேல் வரியில் நீளமான ஐபிவி6 முகவரி (புது வகை ஐபி எண்) இருந்தால் அது யாருடையது என்று பாருங்கள். இணைய நிறுவனம் தந்த வாசல் பெட்டி ஐபிவி6 வழியாகத் தன் டிஎன்எஸைத் தனியாக அறிவித்துக்கொண்டிருக்கலாம். அதையும் நிறுத்த வேண்டும். போனில் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பும், பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் அமைப்பும் இதே மாதிரி கேள்வியை வெளியே கொண்டுபோகலாம். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் 9ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

என்எஸ்லுக்கப் டிஎன்எஸ் சர்வரை மட்டும்தான் கேட்கும். பிங் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் எம்டிஎன்எஸையும் சேர்த்துப் பார்க்கும். பிங்கில் வந்து என்எஸ்லுக்கப்பில் வராத பெயருக்கு ரூட்டர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் குறித்து வைத்த பெயர்ப் பட்டியலை ஓப்பன்டபிள்யூஆர்டி தற்காலிக நினைவகத்தில் வைக்கிறது. கரண்ட் போய் ரூட்டர் அணைந்தால் அது அழிந்துவிடும். பெயர் சொல்லும் வைஃபை சாதனங்கள் மறுபடி சேரும்போது அதைச் சொல்லிவிடும். ஆனால் ஸ்விட்ச் வழியாகக் கேபிளில் இருக்கும், இன்வெர்ட்டர் புண்ணியத்தில் அணையாத ரெக்கார்டர், தன் ஐபியைப் புதுப்பிக்கும் நேரம் வரும்வரை சும்மா இருக்கும்; ஐபிக்கு வழக்கமான கெடு 12 மணி நேரம், பாதி கழிந்ததும்தான் பெரும்பாலும் புதுப்பிக்கும். அதனால் முக்கியமான சாதனத்துக்கு ஐபியை நிலையாக ஒதுக்கி, ரூட்டர் அமைப்பின் ஹோஸ்ட்நேம்ஸ் பக்கத்தில் பெயரையும் கையால் எழுதி வையுங்கள். பிறகு எத்தனை முறை கரண்ட் போனாலும் பெயர் நிற்கும்.

பை-ஹோல் என்ற டிஎன்எஸ் மென்பொருள் போட்ட ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் நான்காவது. மூன்றாவது வழி தருவதெல்லாம் தரும், விளம்பரத்தையும் தடுக்கும், யார் என்ன கேட்டார்கள் என்று பார்க்கவும் முடியும். ஆனால் கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்டு கெட வாய்ப்பு உண்டு. அது கெட்டால் வீட்டில் நெட்டே இல்லாத மாதிரி ஆகிவிடும். இன்வெர்ட்டர் லைனும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தால் மட்டும் போடுங்கள்.

நிறுவனம் தந்த பெட்டி மட்டும்தான், அதில் பெயர் எழுதப் பக்கமே இல்லை என்றால் .லோக்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐபி கொடுப்பது உங்கள் சொந்த ரூட்டர் என்றால் மூன்றாவது வழி. அதில் பெயரின் பின்னொட்டாக .லோக்கலை மட்டும் வைக்காதீர்கள், எம்டிஎன்எஸோடு மோதும். ஓப்பன்டபிள்யூஆர்டி தரும் .லேன் போதும், முறைப்படி ஒதுக்கியதுதான் வேண்டும் என்றால் ஆர்எஃப்சி 8375 வழியாக 2018இல் வந்த ஹோம்.ஆர்பா இருக்கிறது. பிரவுசரில் வெறும் பெயரை அடித்தால் கூகுள் தேடலுக்குப் போய்விடும், அதனால் பின்னொட்டோடு அடித்து, கடைசியில் ஒரு சாய்கோடும் போடுங்கள்.